பழைய கச்சேரிக் காணொளிகள்: யூடியூபில் என்ன கிடைக்கும், எதை நம்பலாம்

கர்நாடக சங்கீதத்தின் பழைய கச்சேரிகளைப் படத்தோடு பார்க்க இன்று முதலில் போக வேண்டிய இடம் யூடியூப்தான். சரக்கு அங்கே குவிந்து கிடக்கிறது, பட்டியல்தான் இல்லை. எந்த ஆண்டுக் கச்சேரி, யார் பக்கவாத்தியம், சுருதி சரியாக இருக்கிறதா, ஒலியும் படமும் ஒரே கச்சேரியைச் சேர்ந்தவையா என்று சொல்ல அங்கே ஆளில்லை. சும்மா கேட்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் கிடையாது. வித்வானின் வில்லையும் விரலையும் பார்த்துக் கற்க வருபவருக்கு இதுதான் முழுச் சிக்கலும். சரக்குக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், தகவலுக்குப் பாதிகூடக் கொடுக்க முடியாது.

முதலில், எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. பாடகர்களில் ஜி.என். பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) 1965-லும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-லும், மதுரை மணி ஐயர் 1968-லும், ராமநாதபுரம் கிருஷ்ணன் 1973-லும், செம்பை வைத்தியநாத பாகவதர் 1974-லும் மறைந்துவிட்டார்கள். ஆகவே இவர்களைச் சென்னைத் தூர்தர்ஷன் படம்பிடித்திருக்க வழியே இல்லை. இவர்கள் பெயரில் வரும் 'வீடியோ' பெரும்பாலும் புகைப்படத்தை ஓடவிட்டு மேலே ஒலியைச் சேர்த்ததாகவே இருக்கும். கேட்க அருமையாக இருக்கலாம். ஆனால் அது படப்பதிவு அல்ல. ஜி.என்.பி. அசைந்து பாடுவதைப் பார்க்க அவர் நடித்த திரைப்படங்கள்தான் இருக்கின்றன, அங்கே இருப்பது நடிப்புக்காகப் பாடிய பாட்டு. நாதஸ்வரத்தில் இன்னும் கவனம் தேவை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஒலிக்கும் நாயனம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது. திரையில் பிடித்திருக்கும் கையோ ஜெமினி கணேசனுடையது. விரலடி பார்க்க அது உதவாது.

உண்மையில் கிடைக்கும் பொற்காலம் 1975-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. எம்.டி. ராமநாதன் (மறைவு 1984), எம்.எல். வசந்தகுமாரி, வீணை எஸ். பாலசந்தர் (இருவரும் 1990), டி. பிருந்தா (1996), கே.வி. நாராயணசுவாமி (2002), செம்மங்குடி (2003) ஆகியோர் தொலைக்காட்சிக் காலத்துக்குள் வருகிறார்கள். பாலக்காடு மணி ஐயர் 1981-இல் மறைந்தார், அவருக்கு இந்தச் சாளரம் மிகக் குறுகியது. அதனால்தான் அவர் விரல் தெரியும் இரண்டு நிமிடத் துண்டுகூட மிருதங்கம் படிப்பவர்களுக்குப் பொக்கிஷம்.

அந்தக் காலத்து நிகழ்ச்சிகள் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சின என்பதற்குக் காரணம் விலைதான். படநாடா விலை அதிகம் என்பதால், ஒளிபரப்பான நாடாவிலேயே அடுத்ததைப் பதிவது உலகம் முழுக்கத் தொலைக்காட்சி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. மிஞ்சியவை இரண்டு வழியில் நம்மை அடைகின்றன. ஒன்று நிலையத்தின் சொந்தச் சேமிப்பு. மற்றது, வீட்டில் யாரோ ஒளிபரப்பை விஎச்எஸ் கேசட்டில் பதிந்து வைத்து, பிறகு கணினிக்கு மாற்றி ஏற்றியது.

முதல் வழிக்கு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் 'பிரசார் பாரதி ஆர்க்கைவ்ஸ்' சேனலைப் பின்தொடருங்கள். நிலையத்து நாடாவிலிருந்து நேராக வருவதால் படம் திடமாக இருக்கும், ஒலியில் இரைச்சல் குறைவு, கலைஞர் பெயரும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இதன் குறை, பல இடங்களில் கச்சேரியைப் பாட்டுப் பாட்டாக நறுக்கிப் போடுவது. ராக ஆலாபனை ஒரு துண்டிலும் கிருதி இன்னொன்றிலும் போனால், ஆலாபனையை எங்கே முடித்து வயலினுக்கு விட்டார் என்ற ஓட்டமே அறுந்துவிடும். தனியார் ஏற்றியவற்றில் படம் மங்கலாக இருந்தாலும் அறிவிப்பாளர் குரல் முதல் மங்களம் வரை முழுதாகக் கிடைப்பதுண்டு. இரண்டும் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தேடும் முறை

வெறுமனே வித்வான் பெயரைப் போட்டால் அண்மையில் ஏற்றிய, அதிகம் பார்க்கப்பட்ட நறுக்குகளே முன்னால் வரும். நல்ல சரக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுக்கச் சில வழிகள்.

ஆங்கில எழுத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். தெற்கத்தியர் 'த'வுக்கு டி, ஹெச் என்று இரண்டு எழுத்து போடுவார்கள். வடக்கிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் டி மட்டும் போடுவார்கள். தோடிக்கும் கீரவாணிக்கும் சங்கராபரணத்துக்கும் ஆளுக்கொரு கூட்டல் உண்டு. அடுத்து மொழி. எம்.டி. ராமநாதன் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், அவருக்கு மலையாள ரசிகர்கள் அதிகம். மலையாள எழுத்தில் தேடினால் வேறு முடிவுகள் வரும். பாலமுரளிகிருஷ்ணாவுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் தேட வேண்டும். ஹைதராபாத், பெங்களூரு, திருவனந்தபுரம் நிலையங்களும் கச்சேரிகளை ஒளிபரப்பியவைதான் என்பது மறக்கப்படுகிறது.

இதைவிடப் பலன் தருவது பக்கவாத்தியக்காரர் பெயரில் தேடுவது. மிருதங்க வித்வானின் சிஷ்யர் ஏற்றியிருந்தால் தலைப்பில் அவர் குருவின் பெயர்தான் இருக்கும், பாடகர் பெயர் விளக்கத்தில் ஒரு மூலையில் கிடக்கும். கடம், கஞ்சிரா, தம்புரா மீட்டுபவர் வரை இது பொருந்தும்.

காலத்தை வைத்தும் வடிகட்டலாம். தேடல் பெட்டியில் பெயருக்குப் பின் 'பிஃபோர்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 2011 என்று சேர்த்தால் அதற்கு முன் ஏற்றியவை மேலே வரும். அந்தக் காலத்தில் ஒரு காணொளிக்கு 2006 முதல் 10 நிமிட வரம்பு இருந்தது, 2010-இல் அது 15 ஆனது. அதனால் முழுக் கச்சேரியை எட்டாகவும் பத்தாகவும் வெட்டி ஏற்றினார்கள். ஒரு துண்டு கிடைத்தால் ஏற்றியவரின் சேனலுக்குள் போய், 'பழையது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் மற்றவை அடுத்தடுத்து இருக்கும். தேடலில் நடுத் துண்டு மட்டும் வருவது சகஜம். மாறாக முழுக் கச்சேரி வேண்டுமென்றால் வடிகட்டியில் 20 நிமிடத்துக்கு மேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

'காணொளி இல்லை' என்று வரும் இணைப்பை உடனே கைவிட வேண்டாம். முகவரியின் கடைசியில் 11 எழுத்தில் ஓர் அடையாளம் இருக்கும். அதை மட்டும் எடுத்து கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அல்லது முழு முகவரியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுங்கள். படம் கிடைக்காமல் போகலாம், ஆனால் பழைய தலைப்பும் விளக்கமும் பலமுறை கிடைக்கும். அதை வைத்து வேறொருவர் மறுபடி ஏற்றியதைப் பிடித்துவிடலாம். காணொளிகள் இப்படி மறைவதற்கு உரிமைச் சிக்கலும் ஒரு காரணம். தியாகராஜர் கிருதிக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அதே வித்வானின் வணிக இசைத்தட்டோடு ஒத்துப்போகிறது என்று தானியங்கிக் கண்டறிதல் நினைத்துவிட்டால் ஒலி அடைக்கப்படும், சேனலே போகவும் வாய்ப்புண்டு. எனவே நல்லது கண்ணில் பட்டதும் தலைப்பு, ஏற்றியவர், விளக்கம், முகவரி நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது

தலைப்பில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். மறு ஒளிபரப்பின் ஆண்டையோ கேசட் மேல் எழுதியிருந்ததையோ போட்டிருப்பார்கள். மூலையில் இருக்கும் நிலையச் சின்னமும் ஒளிபரப்பான காலத்தைத்தான் சொல்லும், பதிவான காலத்தை அல்ல. 'டிடி தமிழ்' என்று இருந்தால் 2024-இலோ அதற்குப் பிறகோ ஒளிபரப்பியது, அவ்வளவே.

நம்பத்தக்க சான்றுகள் வேறு. கறுப்பு வெள்ளை என்றால் பெரும்பாலும் 1982-க்கு முந்தையது, தூர்தர்ஷனில் வண்ணம் வந்தது அந்த ஆண்டுதான். ஆனால் வண்ணத்தில் பதிந்ததைக் கறுப்பு வெள்ளைக் கருவியில் பிரதி எடுத்ததும் உண்டு, ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பட்டங்கள் இன்னும் உறுதியானவை. அறிவிப்பாளர் 'சங்கீத கலாநிதி' எம்.எல். வசந்தகுமாரி என்று சொன்னால் 1977-க்கு முன் இருக்க முடியாது. டி.என். கிருஷ்ணனுக்கு 1980, கே.வி. நாராயணசுவாமிக்கு 1986. இங்கேயும் ஒரு நுணுக்கம்: திரையில் எழுத்தாக வரும் பட்டம் மறு ஒளிபரப்பில் சேர்த்ததாக இருக்கலாம்; அதே அரங்கில் பேசிய குரல் என்றால் அதற்கு எடை அதிகம். மேடையில் மின்னணு சுருதிப்பெட்டியோ தம்புராப் பெட்டியோ தெரிந்தால் அது 1980-களை நோக்கித் தள்ளும். பக்கவாத்தியக்காரரின் தலைமுடியும் கண்ணாடியும்கூடச் சான்றுதான். தேதி தெரிந்த இன்னொரு பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று நான்கு ஆண்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பாடல் வரிசையைச் சரிபார்க்க சங்கீதப்ரியா தளம் கைகொடுக்கும். வணிக நோக்கமில்லாமல் ரசிகர்கள் நடத்துவது, ஒலிப்பதிவு மட்டும். அங்கே கச்சேரி கச்சேரியாகப் பாட்டு, ராகம், பக்கவாத்தியம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். யூடியூபில் இல்லாத பொறுப்பு அங்கே இருக்கிறது. ஒரு படத்தின் ஒலி உண்மையில் வேறு கச்சேரியுடையதா என்று சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சுருதி

பழைய பதிவுகளில் மிக அதிகமாகக் கெட்டுப்போயிருப்பது இதுதான், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான். ஒரு வித்வான் இரண்டரைக் கட்டையில் (கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்து ஆதார சுருதியைச் சொல்லும் கணக்கு) பாடுவதாகக் கேட்டு, அவர் குரலே அப்படி என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். நாடா வேகமாக ஓடியிருந்தால் சுருதி ஏறும், காலப்பிரமாணமும் (பாட்டின் வேகம்) கூடவே ஏறும். நிதானமான வித்வானை அவசரக்காரராகக் காட்டிவிடும். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

காரணங்கள் பல. பேட்டரியில் ஓடிய பதிவுக் கருவியில் பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக நகரும். அதைச் சரியான வேகத்தில் போடும்போது சுருதி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். வர்ணத்தில் ஒன்றரைக் கட்டை, மங்களத்தில் இரண்டு என்று இருந்தால் இதுதான் கோளாறு. ஸ்பூல், கேசட் எதுவானாலும் போடும் கருவியின் வார்ப்பட்டை தளர்ந்திருந்தால் முழுவதும் இறங்கிக் கேட்கும். விநாடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேம்) எடுத்த திரைச்சுருளைத் தொலைக்காட்சிக்காக 25-இல் ஓட்டினால் எல்லாமே சுமார் 4 விழுக்காடு வேகமாகும், சுருதி ஏறத்தாழ முக்கால் ஸ்வரஸ்தானம் (ஒரு ஸ்வரஸ்தானம் என்பது ஆர்மோனியத்தில் வெள்ளையும் கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம்) உயரும். ஆவணப்படங்களில் இதை எதிர்பாருங்கள்.

கண்டுபிடிக்க, தம்புராவின் ஆதார ஸட்ஜத்தைச் சுருதிச் செயலியில் காட்டுங்கள். கட்டைக்கு நடுவே, கால் ஸ்வரம் தள்ளி நின்றால் முதல் எச்சரிக்கை. அது மட்டும் போதாது, மேடையில் தம்புராவைக் கட்டைக்கு நடுவே சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. அதே வித்வான், அதே காலகட்டம், வேறு இரண்டு பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். வயதாக ஆகச் சுருதியை இறக்கிக்கொள்வது இயல்பு என்பதால் காலகட்டம் முக்கியம். மூன்றாவது சோதனை மின்சார ரீங்காரம். நம் நாட்டில் அது 50 ஹெர்ட்ஸ். ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' போட்டால் அடியில் ஒரு கூர்முனை தெரியும். அது 53-இல் நின்றால் பதிவு சுமார் 6 விழுக்காடு, அதாவது ஒரு ஸ்வரஸ்தானம் வேகமாக ஓடுகிறது. ஆனால் அக்கால மின்வழங்கலே ஒரு ஹெர்ட்ஸ் முன்பின் அலைந்தது, எனவே சின்ன வித்தியாசத்துக்கு இதைச் சாட்சியாக வைக்கக் கூடாது.

திருத்துவது எளிது, ஆனால் யூடியூபின் வேகப் பொத்தானால் முடியாது. அது வேகத்தை மாற்றும், சுருதியை அப்படியே பிடித்து வைக்கும். நமக்கு இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். கையில் கோப்பு இருந்தால் ஆடாசிட்டியின் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' சரியான கருவி. ஒரு ஸ்வரஸ்தானம் இறக்க வேகப் பெருக்கியை 0.944 என்றும், திரைச்சுருள் கோளாறுக்கு 0.96 என்றும் கொடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்கு இரண்டு ஸ்வரஸ்தானம். மூன்றிலிருந்து நான்குக்கு ஒன்றுதான். இதை மறந்து இருமடங்கு இறக்கிவிடுபவர்கள் உண்டு. விஎல்சியில் கேட்பதானால் ஒலி அமைப்புகளில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' குறியை எடுத்துவிட்டு வேகத்தை மாற்றுங்கள். துல்லியம் குறைவு, கேட்க மட்டும் போதும்.

ஒலியிலும் படத்திலும் வரும் மற்ற கோளாறுகள்

ஒரு காதில் மட்டும் கேட்டால் கைபேசியின் அணுகல் அமைப்பில் 'மோனோ ஆடியோ' போட்டால் தீர்ந்தது. இயர்போனில் குரல் எங்கோ தலைக்குப் பின்னால் கேட்டு, கைபேசி ஒலிபெருக்கியில் பாட்டே காணாமல் போனால், இரண்டு தடத்தில் ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. கோப்பில் ஒரு தடத்தை மட்டும் 'இன்வர்ட்' செய்தால் சரியாகும்.

'சுத்தப்படுத்தியது', '4கே' என்று தலைப்பில் இருப்பவற்றிடம் எச்சரிக்கையாக இருங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை இரைச்சல் என்று கொள்ளும். கச்சேரியில் விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பது தம்புரா! முதலில் அதைத்தான் தின்னும். அடுத்து கார்வைகளின் (நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்கள்) வால் போகும், கடைசியில் குரல் தண்ணீருக்குள் கேட்பது போல் ஆகும். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிய படத்தில் முகம் மெழுகாகும், வீணையின் மெட்டுகளும் விரலும் உருகி ஒன்றாகும். கமகம் எங்கே பிடித்தார் என்று பார்க்க வந்தவருக்கு மங்கலான 240பி பிரதியே மேல், அது இல்லாததைக் காட்டாது.

ஒலியும் படமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க, தனி ஆவர்த்தனத்துக்கு (தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதி) போய் நிறுத்துங்கள். கணினி விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒரு சட்டகம் முன்னே போகும், காற்புள்ளி பின்னே. மிருதங்கத்தில் கை இறங்கும் சட்டகத்தைப் பிடித்து, அங்கிருந்து ஓடவிட்டு ஒலி எப்போது வருகிறது என்று கேளுங்கள். எங்கும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது மாற்றும்போது வந்த பிழை. போகப்போகத் தள்ளினால் படமும் ஒலியும் வேறு வேறு நாடாவிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எங்குமே பொருந்தவில்லை என்றால் வேறு கச்சேரியின் ஒலியை ஒட்டியிருக்கிறார்கள்.

2005 முதல் 2008 வாக்கில் ஏற்றிய பிரதிகளில் ஒலி ஒற்றைத் தடம், 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. மிருதங்கத்தின் 'சாப்பு' என்ற அடி மந்தமாகக் கேட்பதற்கு அதுவும் காரணம். அதே கச்சேரியைப் பிறகு வேறொருவர் மூலக் கேசட்டிலிருந்து ஏற்றியிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய யூடியூப் பிரதியையே இறக்கி மறுபடி ஏற்றியிருந்தால் பயனில்லை. ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பார்த்தால் 11 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் நிற்பது காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களுக்கு

அலமாரியில் விஎச்எஸ் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், காந்தப்பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. பூஞ்சை வெள்ளையாகத் தெரிந்தால் கருவியில் போடக் கூடாது, நாடாவைப் படிக்கும் தலை அடைத்து அடுத்த கேசட்டையும் கெடுக்கும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். நம் தொலைக்காட்சி 'பால்' (பி.ஏ.எல்.) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 25 சட்டகம், ஒவ்வொன்றும் இரண்டு பாதிப் புலங்கள். அதை அமெரிக்க என்டிஎஸ்சி முறைக்கு மாற்றினால் வயலின் வில்லுக்கு நிழல் விழலாம். அமெரிக்காவிலிருந்து வரும் பல பிரதிகளில் இதைக் காணலாம்.

இரண்டு புலங்களையும் கலந்து 25 சட்டகமாக்காமல், 'பாப்' முறையில் பிரித்து 50 சட்டகமாக்குங்கள். மிருதங்க விரல்கள் அப்போதுதான் சீப்புப் பற்களாகத் தெரியாமல் தனித்தனியாகத் தெரியும். படக்கோப்பை மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் 'யாடிஃப்' வடிகட்டியில் 'பாப்' தேர்வு இருக்கிறது. யூடியூப் 50 சட்டகத்தைக் காப்பாற்றுவது 720பி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். ஆகவே 960 அகலம், 720 உயரத்தில் ஏற்றுங்கள்; பழைய 4:3 வடிவத்துக்கு அதுவே சரியான அளவு. 16:9-க்கு இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

ஒலியைத் தொடாதீர்கள். இரைச்சலோடு இருக்கட்டும், வேண்டுபவர் நீக்கிக்கொள்வார். சுருதியைத் திருத்தியிருந்தால் எவ்வளவு என்று விளக்கத்தில் எழுதுங்கள். உரிமை விஷயத்தில், இந்தியச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமை 25 ஆண்டு, நிகழ்த்தியவரின் உரிமை 50 ஆண்டு. எனவே பழைய கச்சேரி என்பதாலேயே பாடியவர் பக்கத்து உரிமை தீர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு ஏற்றுவதே முறை. மூலக் கோப்பை வேறொரு வன்தட்டிலும் வைத்திருங்கள், யூடியூப் திருப்பித் தருவது சுருக்கிய பிரதியைத்தான். விளக்கத்தில் பாடகர், வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம், தம்புரா, நிலையம், ஒளிபரப்பான தேதி, கேசட் அட்டையில் எழுதியிருந்த வரிகள் அத்தனையும் எழுதுங்கள். பெயர் தெரியாத பக்கவாத்தியக்காரர் இருந்தால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், ஊகித்துப் போட்ட பெயர் பத்து பிரதிகளுக்குப் பரவிவிடும்.